டேட்டாபேஸ் சர்வர் உள்ளே விட மறுக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உபுண்டு லினக்ஸில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வர் போட்டேன். ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் 1698 எரர் வருகிறது. அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யட்டுமா?

பதில்: வேண்டாம். உபுண்டுவில் ரூட் கணக்குக்கு பாஸ்வேர்டு பார்ப்பதே இல்லை. லினக்ஸிலும் நீங்கள் ரூட்டாக இருக்கிறீர்களா என்று மட்டுமே பார்க்கும். டெர்மினலில் 'சுடோ மைஎஸ்கியூஎல்' என்று கொடுங்கள் (சுடோ என்றால் ரூட்டாக ஓட்டு என்று பொருள்), உள்ளே போய்விடலாம். அப்புறம் உங்கள் புரோகிராமுக்குத் தனி யூசர் உருவாக்கிக்கொள்ளுங்கள். ரூட்டை அதற்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டெர்மினலில் லாகின் ஆகிறது. அதே பெயர், அதே பாஸ்வேர்டு, டாக்கரில் ஓடும் ஆப்பில் மட்டும் 1045 எரர்.

பதில்: அந்த எரர் வரியை முழுதாகப் படியுங்கள், விடை அதிலேயே இருக்கிறது. கடைசியில் 'யூசிங் பாஸ்வேர்டு: நோ' என்றிருந்தால், பாஸ்வேர்டு சர்வருக்குப் போகவே இல்லை. கான்ஃபிக் ஃபைலில் அந்த இடம் காலியாக இருக்கும், அல்லது ஆப் வேறு ஃபைலைப் படிக்கிறது. 'யெஸ்' என்றிருந்தால், பெயருக்குப் பின்னால் @ குறியை அடுத்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எங்கிருந்து வருவதாக சர்வர் நினைக்கிறதோ, அந்த முகவரி அது. டாக்கர் ஆப்பைத் தனியே அடைத்து ஓட்டும் கன்டெய்னரிலிருந்து வந்தால் பெரும்பாலும் 172.17 என்று தொடங்கும். உங்கள் யூசரை லோக்கல்ஹோஸ்ட்டுக்கு, அதாவது சர்வர் ஓடும் அதே மெஷினுக்கு, மட்டும் உருவாக்கியிருப்பீர்கள். மைஎஸ்கியூஎல் பெயரையும் ஹோஸ்ட்டையும் சேர்த்துத்தான் ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளும். அந்த முகவரிக்கும் ஒரு யூசர் உருவாக்கி, உரிமை கொடுத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: வீட்டிலிருந்து ஆபீஸ் லினக்ஸ் சர்வருக்குப் போனால் 2003 எரர்.

பதில்: பாஸ்வேர்டைத் தொடாதீர்கள், பேச்சு அதுவரை போகவேயில்லை. எரர் வரியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்தான் முக்கியம். 111 என்றால் மெஷின் கிடைக்கிறது, ஆனால் அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை. சர்வர் நின்றிருக்கலாம், அல்லது சர்வர் கான்ஃபிக்கில் பைண்ட்-அட்ரஸ் 127.0.0.1 என்று, அதாவது அதே மெஷினிலிருந்து வருவதை மட்டும் கேட்கும்படி, இருக்கலாம். 110 என்றால் நேரம் கடந்தும் பதிலே வரவில்லை, பெரும்பாலும் ஃபயர்வால் தடுக்கிறது. விண்டோஸிலிருந்து போனால் இவையே 10061, 10060 என்று வரும். அதற்காக மைஎஸ்கியூஎல்லின் 3306 போர்ட்டை இணையம் முழுவதற்கும் திறந்துவிடாதீர்கள், கேட்டுக்கொள்கிறேன். எஸ்எஸ்ஹெச் டன்னல் என்ற பாதுகாப்பான, மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாகப் போங்கள்.

கேள்வி: கூட்டம் அதிகமானால் 1040, 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்'. எண்ணிக்கையைக் கூட்டலாமா?

பதில்: முதலில் 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' பாருங்கள். மாமூல் வரம்பு 151. நிர்வாகிக்கென்று கூடுதலாக ஓர் இடம் இருப்பதால் நீங்கள் உள்ளே போக முடியும். பட்டியலில் பாதிக்கு மேல் 'ஸ்லீப்' என்றிருந்தால், ஆப் கனெக்‌ஷனைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறது. சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை சர்வர் 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம், விட்டுவைக்கும். புரோகிராமைச் சரிசெய்யாமல் வரம்பை மட்டும் கூட்டினால் மெமரிதான் தீரும்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் சர்வரில் 'பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு'?

பதில்: உங்கள் லினக்ஸ் யூசர் பெயரும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒத்துப்போகவில்லை. ஹோஸ்ட்டாக லோக்கல்ஹோஸ்ட் கொடுத்துப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்கும். நிரந்தரமாக மாற்ற யாரை எப்படி உள்ளே விடுவது என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ ஃபைலைத் திருத்துங்கள். மேலிருந்து கீழாக, பொருந்தும் முதல் வரிதான் செல்லும். ரீலோட் செய்தால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம்.