கர்நாடக சங்கீத மேதை முத்துசுவாமி தீட்சிதரோட கிருதிகள் (பாட்டுகள்) ஏன் இவ்ளோ மெதுவா போகுது?

1775ல திருவாரூர்ல பிறந்தவர், இளம் வயசுல தன் குரு சிதம்பரநாத யோகியோட காசிக்குப் போய் சில வருஷம் தங்கினார், அங்க இந்துஸ்தானி சங்கீதம் நிறைய கேட்டதோட தாக்கம்தான் அந்த நிதானம்னு சொல்வாங்க. எனக்கும் அது சரின்னுதான் படுது. பைரவி ராகத்துல 'பாலகோபால' கேட்டுப் பாருங்க, அவசரமே இல்லாம ஒவ்வொரு ஸ்வரமும் இழைஞ்சு வரும், பல்லவியிலேயே ராகம் முழுசா கண்ணு முன்னாடி வந்து நிக்கும். ஆனா எல்லாமே ஸ்லோ கிடையாது, நிறைய கிருதிகள்ல கடைசில மத்யமகால சாகித்யம் வரும், அங்க வார்த்தைங்க டபுள் ஸ்பீட்ல ஓடும். இங்கிலீஷ் பேண்ட் மெட்டுக்குக்கூட சமஸ்கிருதத்துல நோட்டுஸ்வரம்னு சின்னப் பாட்டுகள் எழுதியிருக்கார், அது குழந்தைங்களே துள்ளித் துள்ளிப் பாடுற மாதிரி இருக்கும்!