ஏவுநாளைவிடச் சோதனைநாளைக் கவனியுங்கள்

கேள்வி: அக்னிகுல் போன்ற தனியார் ராக்கெட் நிறுவனங்களின் சோதனைகளையும் வரவிருக்கும் ஏவுதல்களையும் ஒழுங்காகக் கவனித்து வர விரும்புகிறேன். செய்திகள் துண்டு துண்டாக வருகின்றன; அறிவித்த தேதிகளும் தள்ளிப்போகின்றன. எதை நம்புவது? கொடைக்கானல் மலையிலிருந்து ஏவுதலைக் கண்ணால் பார்க்க வழியுண்டா?

அறிவிக்கப்படும் ஏவுநாளை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் எந்தச் சோதனை முடிந்திருக்கிறது, எது பாக்கி இருக்கிறது என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கொடைக்கானலில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தும் ஆசிரியன் நான். மாணவர்களோடு சேர்ந்து இந்த நிறுவனங்களைக் கவனித்து வருவதில் எனக்கு உறுதிப்பட்ட ஒரே விஷயம் இதுதான். தேதி என்பது நிறுவனத்தின் விருப்பம். சோதனை என்பது நடந்து முடிந்த நிகழ்வு. நம் வானாய்வகத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனை நாள்தோறும் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பொறுமையில் ஒரு சிறு பங்கு இருந்தால் இதற்குப் போதும்.

அக்னிகுல் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயின் எஸ்.பி.எம்.மும், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சத்தியநாராயணன் சக்கரவர்த்தியோடு இணைந்து 2017-இல் தொடங்கிய நிறுவனம் இது. சக்கரவர்த்தி எரிதல் துறையில் ஊறிய ஆய்வாளர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த நிறுவனம் ஏன் என்ஜினிலிருந்தே தன் வேலையைத் தொடங்கியது என்பது விளங்கும். அவர்களுடைய முதல் ராக்கெட்டான அக்னிபான் சார்டெட், 2024 மார்ச் 22 அன்று கிளம்பியிருக்க வேண்டியது. அன்று தள்ளிப்போயிற்று. ஏப்ரல் 6 அன்று 129 விநாடிகள் மிச்சமிருக்கையில் கவுண்ட்டவுன் நின்றது, மறுநாளும் கிளம்பவில்லை. மே 28 அன்று இன்னும் சில விநாடிகளே இருந்தபோது, பற்றவைக்கும் கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்று நிறுத்தினார்கள். மே 30 காலை 7:15 மணிக்கு, நேரலை ஒளிபரப்பு எதுவுமின்றி, ஸ்ரீஹரிகோட்டாவிலுள்ள அவர்களுடைய தனுஷ் ஏவுதளத்திலிருந்து அது செங்குத்தாக எழுந்தது. இங்கே கோடை சீசனின் நெரிசலில் ஊரே திணறிக்கொண்டிருந்த நேரம், பள்ளியும் விடுமுறை. ஆனாலும் அந்தச் செய்தியை ஒவ்வொரு மாணவனுக்கும் தொலைபேசியில் நானே சொன்னேன். அந்தக் காலைப்பொழுதின் மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

நான்கு முறை தள்ளிப்போனதைச் சில நாளிதழ்கள் பின்னடைவு என்று எழுதின. அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை. கவுண்ட்டவுனின் கடைசி நிமிடங்களில் ராக்கெட்டின் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது; அழுத்தமோ வெப்பநிலையோ வால்வின் நிலையோ எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லையென்றால் நிறுத்துவதுதான் அதன் கடமை. அப்படி நின்றது என்றால் சோதனை முறை வேலை செய்தது என்று பொருள். எனவே ஏவுதல் தள்ளிவைக்கப்பட்ட செய்தியைப் பார்த்ததும், எத்தனை விநாடி மிச்சத்தில் நின்றது, எந்த உறுப்பின் பெயர் சொல்லப்பட்டது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முயற்சிக்கு இரண்டு நாள் ஆகுமா, இரண்டு மாதம் ஆகுமா என்பதை ஓரளவு ஊகிக்க அவை உதவும்.

இனி என்ஜினுக்கு வருகிறேன். அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. அக்னிலெட் என்ற அந்த என்ஜின் முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக உருவாக்கப்படுவது. எரிபொருள் தூவும் முகப்பு, எரிகலம், கூம்புவாய், அவற்றின் சுவருக்குள் ஓடும் குளிர்விப்புக் குழாய்கள் என எல்லாமே ஒட்டும் வெல்டிங்கும் இல்லாமல் ஒரே உடலாக அச்சாகி வருகின்றன. மண்ணெண்ணெய் வகை எரிபொருளும், சுழியத்துக்குக் கீழே 183 பாகைக்கும் தாழக் குளிர்விக்கப்பட்ட திரவ ஆக்சிஜனும் அதில் எரிகின்றன. எரிபொருள் சாதாரண வெப்பநிலையிலும் ஆக்சிஜன் கடுங்குளிரிலும் இருப்பதால் இதை அரை கிரையோஜெனிக் என்கிறோம். இந்தியாவில் அரை கிரையோஜெனிக் என்ஜினுடன் பறந்த முதல் ராக்கெட் சார்டெட்தான். இஸ்ரோவின் பெரிய அரை கிரையோஜெனிக் என்ஜினுக்கான சோதனைகள் மகேந்திரகிரியில் படிப்படியாக நடந்து வருகின்றன. வெல்டிங் இணைப்புகள் இல்லாததால் கசிவதற்கான இடங்கள் குறைகின்றன என்பது ஒரே துண்டாக அச்சிடுவதன் பெரும் ஆதாயம். ஆனால் உள்ளே இருக்கும் நுண்குழாய்களைக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்ய முடியாது என்பதால், அந்த என்ஜினை எரியவிட்டுப் பார்க்கும் சோதனைக்கு இரட்டிப்பு முக்கியத்துவம் வந்துவிடுகிறது.

அந்தச் சோதனைகளில் நீங்கள் முதலில் தேட வேண்டியது விநாடிக் கணக்கு. 2022 நவம்பரில் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் அக்னிலெட் 15 விநாடி எரிந்தது. என்ஜின் பற்றுகிறது, நிலையாக எரிகிறது, சொன்னபடி அணைகிறது என்பதை உறுதிசெய்ய அது போதும். ஆனால் சுற்றுப்பாதைக்குச் செல்லும் ராக்கெட்டின் கீழ்நிலை, அதாவது முதலில் எரிந்து கழன்று விழும் அடிப்பகுதி, இரண்டு நிமிட அளவில் எரிய வேண்டியிருக்கும். பறக்கும்போது எத்தனை விநாடி தேவை, தரையில் எத்தனை விநாடி எரிந்திருக்கிறது என்ற இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருக்கும் வரையில், அடுத்த மாதம் ஏவுதல் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

சோதனைக் காணொளி கிடைத்தால் அதை வேகம் குறைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் என்ஜின் பற்றும் கணத்தில் சுடர் மஞ்சளாகக் கலங்கித் தெரியும். அழுத்தம் ஏறியதும் அது இறுகி நேராகிவிடும், உள்ளே வைரக்கற்களைக் கோத்தது போன்ற ஒளிப்புள்ளிகள் வரிசையாகத் தோன்றும். வெளியேறும் வாயு ஒலியைவிட வேகமாகச் செல்லும்போது உண்டாகும் அதிர்ச்சி அலைகள் அவை. அந்தப் புள்ளிகள் இடம் மாறாமல் நிற்கின்றனவா என்று என் மாணவர்களைப் பார்க்கச் சொல்வேன். நின்றால் எரிகலத்தின் அழுத்தம் நிலையாக இருக்கிறது என்று கொள்ளலாம். பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி அங்கே கண்ணெதிரே எரிகிறது.

திட எரிபொருள் ராக்கெட்டுகளுக்குக் கணக்கு வேறு. ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் 2022 நவம்பர் 18 அன்று விக்ரம்-எஸ் ராக்கெட்டை 89.5 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பியது. இந்தியத் தனியார் ராக்கெட்டுகளில் முதலாவது அது. அவர்களுடைய விக்ரம்-1 ராக்கெட்டின் கீழ் மூன்று நிலைகளும் திட எரிபொருளில் இயங்குபவை. முதல் நிலையான கலாம்-1200, 2025 ஆகஸ்ட் 8 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் 110 விநாடி எரிந்தது. திட மோட்டார் ஒருமுறை எரிந்தால் தீர்ந்துவிடும். சோதித்த மோட்டாரே பறக்கப் போவதில்லை, அதே முறையில் செய்த இன்னொன்றுதான் பறக்கும். ஆகவே அங்கே நம்பிக்கை முழுதும் தயாரிப்பின் சீர்மையைப் பொறுத்தது. திரவ என்ஜினிலோ, பறக்கப்போகும் அதே என்ஜினைத் தரையில் எரித்துப் பார்த்துவிட்டுப் பொருத்த முடியும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து இவர்கள் முந்தியவர்கள், அவர்கள் பிந்தியவர்கள் என்று எழுதும் ஒப்பீடுகளை நான் பொருட்படுத்துவதில்லை.

அக்னிகுல் தன் அடுத்த ராக்கெட்டை, அதாவது ஏறத்தாழ 300 கிலோ வரை சுற்றுப்பாதைக்குக் கொண்டுசெல்லும் முழு அக்னிபானை, ஏவுவதற்கு முன் எவற்றைக் காண வேண்டும்? சார்டெட் ஒற்றை என்ஜினில் பறந்தது. அக்னிபானின் கீழ்நிலையில் ஏழு என்ஜின்கள் வரை இருக்கும். தேர் வடத்தை ஒருபக்கத்தார் ஓங்கி இழுத்து மறுபக்கத்தார் தளரவிட்டால் தேர் எப்படித் திரும்பிவிடுமோ, அப்படித்தான் ஏழில் ஒன்று பிந்தினாலும் ராக்கெட் சாயும். ஒன்றின் அதிர்வு பக்கத்து என்ஜினைத் தாக்கவும் கூடும். அடுத்து, எரிபொருளை எரிகலத்துக்குள் அழுத்தித் தள்ளும் பம்புகளை மின்மோட்டாரால் ஓட்டுவது அவர்களுடைய திட்டம். நியூசிலாந்திலிருந்து ஏவும் ராக்கெட் லேப் நிறுவனம் இந்த வழியில் 2018 ஜனவரியில் சுற்றுப்பாதையை எட்டிக் காட்டியிருக்கிறது. மின்கலங்களின் எடை கூடினாலும், பம்பை ஓட்டுவதற்கென்றே தனியாக ஒரு வாயு விசைச்சுழலி தேவைப்படாது. பல என்ஜின்கள் ஒன்றாக எரிந்த சோதனை, பம்போடு சேர்ந்த முழுநேரச் சோதனை, தொட்டிகளும் என்ஜின்களும் இணைந்த முழு நிலையின் சோதனை, மேல்நிலை பிரிவதற்கான சோதனை ஆகியவை ஒவ்வொன்றாக முடிவதைக் குறித்து வாருங்கள். என் கணிப்பில் மூன்றாவதே மிகக் கடினமானது, தாமதங்கள் பெரும்பாலும் அங்கேதான் நேரும்.

சோதனையிலேயே ராக்கெட் சிதறுவதும் உண்டு. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-9 ராக்கெட் 2016 செப்டம்பர் 1 அன்று தரைச் சோதனைக்காக எரிபொருள் நிரப்பும்போதே வெடித்து, மேலே பொருத்தியிருந்த செயற்கைக்கோளும் அழிந்தது. 2025 ஜூனில் ஒரு ஸ்டார்ஷிப் கலமும் அதேபோல் சோதனை மேடையில் வெடித்தது. அதே நிறுவனத்தின் ஃபால்கன்-1 முதல் மூன்று முயற்சிகளிலும் தோற்று, 2008 செப்டம்பர் 28 அன்றுதான் சுற்றுப்பாதையை அடைந்தது. நம் இளைஞர்களின் நிறுவனங்களும் இத்தகைய நாள்களைச் சந்திக்க நேரலாம். அப்போது கைவிடாமல் கவனிப்பவர்களாக நாம் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தேதியைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் அறிவிப்பைக் காட்டிலும் விமானிகளுக்கு விடுக்கப்படும் நோட்டாம் எச்சரிக்கையே நம்பத்தக்கது. கடல், வான் பகுதிகளை மூடுவது பலருக்கும் இடையூறு தரும் செயல் என்பதால் அதை விளையாட்டாக யாரும் கேட்டு வாங்குவதில்லை. அதிலுள்ள நேரம் உலகப் பொது நேரம் (UTC) என்பதால், அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 0145 என்றிருந்தால் நமக்குக் காலை 7:15. மூடப்படும் பகுதிகளின் அமைப்பையும் பாருங்கள். கரையை ஒட்டி ஒரே ஒரு திட்டு என்றால் குறைந்த உயரத்துக்குச் செல்லும் சோதனைப் பறத்தல். கடலில் தொலைவாக ஒன்றன்பின் ஒன்றாகச் சில திட்டுகள் என்றால் ஒவ்வொரு நிலையும் விழப்போகும் இடங்கள் அவை, அதாவது சுற்றுப்பாதை முயற்சி. தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் ஏவுதல் அனுமதியும் வெளியாகியிருந்தால் விடுப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கொடைக்கானலிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். நாம் 2,100 மீட்டர் உயரத்தில் நின்றாலும் தொடுவானம் சுமார் 165 கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது. பூமியின் வளைவைக் கணக்கிட்டால், அங்கிருந்து எழும் ராக்கெட் 8 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டிய பிறகே நம் தொடுவானத்துக்கு மேல் வரும். 6 மீட்டர் உயரமுள்ள சார்டெட் போன்றதைப் பட்டப்பகலில் அந்தத் தொலைவில் காண வழியே இல்லை. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், இஸ்ரோ ஏவுதல்களுக்கு முன்பதிவு செய்துகொண்டு ஸ்ரீஹரிகோட்டாவின் பார்வையாளர் மாடத்துக்குப் போவதுதான் நல்லது.

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையிலுள்ள குலசேகரப்பட்டினம் இந்த நிலையை மாற்றும். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஏவுதளம் சிறிய ராக்கெட்டுகளுக்கானது. தனியார் நிறுவனங்களும் அதைப் பயன்படுத்த வழியுண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்கு, செல்லும் ராக்கெட் இலங்கைக்கு மேல் பறக்காமலிருக்க வளைந்து போக வேண்டியிருக்கிறது. அதில் வீணாகும் எரிபொருள், சிறிய ராக்கெட்டின் சுமக்கும் திறனில் பெரும்பங்கைத் தின்றுவிடும். குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடலுக்கு மேல் போகலாம். நம் மலையிலிருந்து அது 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இடையிலுள்ள குன்றுகளைக் கணக்கில் கொண்டாலும், சில கிலோமீட்டர் உயரம் எட்டியதுமே ராக்கெட் நம் பார்வைக் கோட்டுக்குள் வந்துவிட வேண்டும். 50 கிலோமீட்டர் உயரத்தை அடையும்போது அது தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ பத்து பாகை மேலே இருக்கும். கையை முழுதாக நீட்டி விரல்களை முஷ்டியாக மடக்கினால் மறையும் அளவு அது. திட எரிபொருள் ராக்கெட் என்றால் அதன் வெண்புகை பகலிலும் தெரிய வாய்ப்புண்டு. மண்ணெண்ணெய் ராக்கெட்டின் புகை மெல்லியது. அதைக் காண விடியலுக்குச் சற்று முன்போ அந்திக்குச் சற்றுப் பின்போ ஏவ வேண்டும், அப்போது தரை இருட்டாக இருந்தாலும் உயரத்தில் பரவும் வாயுவின் மீது வெயில் படும்.

திசை தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே. கோக்கர்ஸ் வாக் போலத் தென்கிழக்குச் சமவெளி திறந்து கிடக்கும் இடம் எதுவும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரி முதல் மார்ச் வரையிலான விடியற்காலைகளில் மஞ்சு இறங்காமல் சமவெளி தெளிந்திருக்கும் நாள்கள் அதிகம். குலசையில் கட்டுமானம் நடந்து வருகிறது. எந்த நிறுவனம் எந்த மாதத்தில் அங்கே முதலில் ராக்கெட்டை நிறுத்தப்போகிறது என்பதற்கு, நான் மேலே சொன்ன சோதனைப் பட்டியலைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.