மூன்று பாலிசி எடுத்தால் மூன்று மடங்கு கிடைக்குமா?

கேள்வி: புதுச்சேரி ரெயின்போ நகரில் முதல் மாடியில் எங்கள் ஃபிளாட். 2024 ஃபெஞ்சல் புயலில் கீழே கார் பார்க்கிங் முழுக்கத் தண்ணீர் நின்றது. அதன் பிறகு அசோசியேஷன் மொத்தக் கட்டடத்துக்கும் இன்சூரன்ஸ் எடுத்தது. கடன் வாங்கியபோதே வங்கியில் ஒரு பாலிசி போட்டார்கள். இப்போது தெரிந்த ஏஜென்ட் ஒருவர், "தனியா வெள்ளப் பாலிசி எடுங்க, மூணுலயும் கிளைம் பண்ணலாம்" என்கிறார். எடுக்கலாமா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: எந்தப் பாலிசியில் வேண்டுமானாலும் கேட்கலாம், பணம் ஒரு தடவைதான் வரும். சுவருக்கு 2 லட்ச ரூபாய் சேதம் என்றால், மூன்று பாலிசி இருந்தாலும் கைக்கு வருவது 2 லட்சத்தைத் தாண்டாது. கொடுத்த கம்பெனி மற்றவர்களிடம் பங்கு கேட்டு வாங்கிக்கொள்ளும், அது அவர்கள் பாடு. பிரீமியம்தான் உங்களுக்கு மூன்று.

வெள்ளத்துக்கென்று தனிப் பாலிசியும் வேண்டாம். 2021 ஏப்ரலிலிருந்து பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுப் பாலிசியிலேயே தீ, புயல், வெள்ளம் எல்லாம் அடக்கம்.

முதலில் வங்கி கொடுத்த பாலிசியை எடுத்துப் பாருங்கள். பல பேர் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பது, கடன் வாங்கியவர் இறந்துபோனால் பாக்கியை அடைக்கிற ஆயுள் காப்பீடாக இருக்கும். வெள்ளத்துக்கு அதில் ஒரு பைசா வராது.

அடுத்து, அசோசியேஷன் செயலாளரிடம் பாலிசியின் ஷெட்யூல் (எதற்கெல்லாம், எவ்வளவு தொகைக்குக் காப்பீடு என்ற பட்டியல்) நகல் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினாலும் விடாதீர்கள், பிரீமியத்தில் உங்கள் பராமரிப்புப் பணமும் இருக்கிறது. லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர், காம்பவுண்டு சுவர் எல்லாம் அதில் இருக்கிறதா? ஃபிளாட்டுக்குள் இருக்கும் டைல்ஸ், மர வேலை? தொகையும் முக்கியம். திரும்பக் கட்ட 4 கோடி ஆகும் கட்டடத்தை 2 கோடிக்குப் போட்டிருந்தால், பல பாலிசிகளில் சேதத்திலும் அதே பாதிப் பங்குதான் கிடைக்கும்: 10 லட்சம் சேதத்துக்கு ஏறக்குறைய 5 லட்சம். பிரீமியத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து இப்படிக் குறைத்துப் போடுகிற சங்கங்கள் உண்டு. இன்னொரு பக்கம், ஃபிளாட் வாங்கிய விலைக்கே போடுவதும் வீண். அந்த விலையில் நிலத்தின் பங்கும் சேர்ந்திருக்கிறது. கட்டுமானச் செலவுக்குப் போட்டால் போதும்.

கட்டடத்துக்கு அசோசியேஷன் பாலிசி சரியாக இருந்தால், நீங்கள் வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் எடுங்கள். அப்படியும் எடுக்க முடியும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ எல்லாம் அதில் வந்துவிடும். நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

முதல் மாடி என்பதால் உங்கள் பெரிய நஷ்டம் அநேகமாகக் கீழே நிற்கும் காரில்தான். வீட்டுப் பாலிசி காருக்குப் பொருந்தாது. வண்டிக்கு வெறும் தேர்டு பார்ட்டி (உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான பாலிசி) மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் இல்லை. உங்கள் வண்டியின் சேதத்துக்கும் பணம் தரும் முழு பாலிசியோடு, என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீட்டையும் சேர்த்து எடுங்கள். தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருகிப் பார்க்காதீர்கள். உள்ளே நீர் புகுந்த என்ஜின் அதில்தான் கெடும், கிளைமிலும் தகராறு வரும். நீர்மட்டம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிட்டு, கம்பெனிக்குச் சொல்லி இழுத்துப்போக வண்டி கேளுங்கள்.