கமலைக் கிணற்றை நம்பி 50 சென்ட் காய்கறி போடலாமா?

கேள்வி: தேவகோட்டை பக்கம் எங்கள் ஊர். கண்மாய்க் கரைக்குக் கீழே கொல்லையில், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் தாத்தா காலத்துக் கமலைக் கிணறு இருக்கிறது. 12 அடி அகலம், 30 அடி ஆழம். போர் போட்டதில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. உழவு மாடு ஒரு ஜோடி உண்டு. பெரியவர்கள் மாதிரி கமலை கட்டி, 50 சென்டில் கத்தரியும் வெண்டையும் போடலாமா?

பதில்: கிணற்றை நம்பலாம், கமலையை நம்ப வேண்டாம். ஏன் என்று கணக்கில் பார்ப்போம்.

ஒரு சென்டுக்கு 5 செ.மீ. உயரம் தண்ணீர் கட்ட சுமார் 2,000 லிட்டர் வேண்டும். 50 சென்டுக்கு ஒரு லட்சம். ஒரு சால் (கமலையில் தண்ணீர் அள்ளும் பெரிய பாத்திரம்) 100 லிட்டர், நிமிடத்துக்கு ஒரு சால் என்று வைத்தாலும் மணிக்கு 6,000 லிட்டர்தான். மாடு வெயிலுக்கு முன் 4 மணி நேரம் இழுக்கும். ஒரு தண்ணீர் பாய்ச்சவே நாலு காலைக்கு மேல் ஆகும். செம்மண்ணில் கோடையில் அடுத்த தண்ணீருக்கு அதற்குள் பயிர் வாடி நிற்கும்.

கமலை கெட்டிக்காரத்தனமான கருவிதான், சந்தேகமில்லை. சாலின் அடியில் தும்பி என்னும் தோல் குழாய். அதன் வாயைத் தனிக் கயிறு மேலே மடக்கிப் பிடித்திருக்கும். மாடு சரிவில் இறங்க, வடத்தின் மேல் ஓட்டுபவர் உட்கார்ந்து தன் எடையையும் சேர்ப்பார். சால் மேலே வந்ததும் தும்பி நீண்டு, தண்ணீர் தானாகவே தொட்டியில் கொட்டும். கவிழ்க்க ஆள் வேண்டாம். ஆழம் குறைந்த இடத்தில் ஏற்றம்: துலா என்னும் நீண்ட மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் சாலைப் பிடிப்பார். மதுரைக்காஞ்சியிலேயே ஏற்றம் வருகிறது. இடுப்பளவு உயரத்துக்கு என்றால் இரண்டு பேர் கயிறு பிடித்து வீசும் இறைகூடை போதும். கண்மாய்த் தண்ணீர் மடைக்குக் கீழே போன பிறகு நெல்லுக்குக் கடைசி ஈரம் கொடுத்தது அதுதான்.

ஆனால் உங்கள் பெரியவர்கள் இறைத்து விவசாயம் செய்தார்கள் என்பது பாதி உண்மை. நம் பக்கத்தில் நெல்லைக் காப்பாற்றியது கண்மாய். மழைத் தண்ணீர் வரத்துக்காலில் வந்து, மடை வழியாகத் தானே வயலுக்கு இறங்கியது. மிஞ்சியது கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போனது. கிணறு தோட்டக்காலுக்கு மட்டும், அதுவும் சில சென்டுக்கு. உங்கள் கிணற்றின் ஊற்றும் பெரும்பாலும் கண்மாய்க் கசிவாகத்தான் இருக்கும். வரத்துக்கால் அடைபட்டால் கிணறும் சேர்ந்து வற்றும்.

இப்போது அளக்க வேண்டியது மாட்டின் பலத்தை அல்ல, ஊற்றை. உங்கள் கிணற்றில் ஓர் அடித் தண்ணீர் என்பது சுமார் 3,200 லிட்டர். தை மாதம் ஒரு காலையில் வாடகை மோட்டாரால் 5 அடி இறக்கி, நீர்மட்டத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் அதே நேரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கமலைக்குப் பதில் மோட்டார் வைத்து, சொட்டுநீரில் காய்கறிக்கு ஒரு நாளைக்கு 4 மி.மீ. என்று வைத்தால் சென்டுக்கு 160 லிட்டர் வரும். 3 அடி ஏறினால் 50 சென்டும் தாங்கும். ஓர் அடிதான் என்றால் 20 சென்டோடு நிறுத்துங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டாரே இதற்குப் போதும். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டு. தோட்டக்கலைத் துறையில் கேளுங்கள். உப்பு போர்த் தண்ணீரைப் பரிசோதிக்காமல் இதில் கலக்காதீர்கள்.

பங்குனியிலும் ஒரு முறை அளந்துவிடுங்கள், அப்போது ஊற்று பாதிக்குக் கீழே போயிருக்கலாம். அதனால் கத்தரியைப் புரட்டாசியில் நாற்றுவிட்டு ஐப்பசியில் மேட்டுப்பாரில் நடுங்கள். மழைத் தண்ணீர் வேரில் தேங்காது, கிணறு நிறைந்திருக்கும்போதே காய்ப்பும் வந்துவிடும். வெண்டையைத் தையில், ஊற்று தாங்கும் அளவுக்கு மட்டும் ஊன்றுங்கள்.