குவைத்தில் முதல் ரமலான் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் வளைகுடா நினைவுகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சென்ற செப்டம்பரில் குவைத் வந்தேன். குவைத் நகரின் ஷர்க் பகுதியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை, ஃபர்வானியாவில் நால்வரோடு அறை. இது என் முதல் ரமலான்.

முதல் வாரத்திலேயே மனம் சலித்துவிட்டது. அலுவலகத்தில் டீ மெஷினை மூடிவிட்டார்கள். தண்ணீர் குடிக்கக் கழிப்பறைக்குள் போகிறேன். மதியம் ஒரு உணவகமும் திறந்திருப்பதில்லை. பகலெல்லாம் தூங்கி வழியும் ஊர் இரவில் விருந்தும் கடைத்தெருவுமாக மாறிவிடுகிறது. பசியை அறியத்தான் நோன்பு என்றால் இரவில் இத்தனை வகை உணவு எதற்கு? நம்பிக்கை இல்லாதவன் ஏன் ஒளிந்து சாப்பிட வேண்டும்?

அறையில் உள்ள காயல்பட்டினத்து பாய், "ஒரு நாள் எங்களோட நோன்பு இருந்து பாரு தம்பி" என்கிறார். நான் இருந்தால் அது நடிப்பாகாதா?

அன்புடன்,
ர., ஃபர்வானியா

அன்புள்ள ர.,

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே இருக்கக் கூடாது. 1968ஆம் ஆண்டின் 44ஆம் எண் சட்டப்படி, ரமலான் பகலில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் குற்றம். அபராதம் 100 தினார் வரை, சிறை ஒரு மாதம் வரை. நீங்கள் எந்த மதம் என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. சாலையில் நிற்கும் காரும் மறைவிடம் ஆகாது. ஆனால் உங்கள் அறைக்குள் எந்தத் தடையும் இல்லை. அலுவலகத்தில் கதவு சாத்தக்கூடிய ஒரு அறையை நோன்பு வைக்காதவர்களுக்கு ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். நான் பார்த்த நிறுவனங்களில் கேட்டபோது கொடுத்தார்கள். கழிப்பறையில் போய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். அது உங்களுக்கும் மரியாதை இல்லை, அந்த மாதத்துக்கும் மரியாதை இல்லை.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. அதைப் புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. 2010ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ரமலானில் வேலை நேரத்தை வாரத்துக்கு 48 மணியிலிருந்து 36 மணியாகக் குறைக்கிறது. நோன்பு வைப்பவருக்கு மட்டும் என்று அதில் இல்லை. உங்களுக்கும் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் மிச்சமாகிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் மனிதவளப் பிரிவில் பணிவாகக் கேளுங்கள்.

ஒரு வாய் தண்ணீருக்காக மனிதனைச் சிறையில் வைக்கலாம் என்பதை நான் ஏற்கவில்லை. நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம், இறைவன் உங்களுக்கு எளிதையே நாடுகிறான், கடினத்தை அல்ல என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. அவ்வளவு இடம் கொடுக்கும் ஒரு வழிபாட்டுக்குப் போலீஸ் காவல் தேவையில்லை. அந்தச் சட்டம் இல்லாமல் இருந்திருந்தாலும் நோன்பு வைத்திருக்கும் சக ஊழியரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நான் டீ குடித்திருக்க மாட்டேன். சட்டம் வேறு, பக்கத்தில் இருப்பவர் வேறு. உங்கள் கடிதத்தில் சட்டத்தின் மீதுள்ள கோபம் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர் மீது இறங்கியிருக்கிறது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த ஆறு மாதத்தில் ஒரு குவைத்தியின் வீட்டுக்குள் போயிருக்கிறீர்களா? போயிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். அந்த நாட்டு மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாட்டவர். இந்தியர் மட்டுமே பத்து லட்சம் அளவுக்கு இருக்கிறோம். ஆனாலும் இரண்டு தனித்தனி ஊர்களாகத்தான் வாழ்கிறோம். நாம் ஃபர்வானியா, அப்பாசியா, மங்காஃப், மஹ்பூலாவில். அவர்கள் கைஃபான், ரவ்தா, அதைலியாவில். திருமணமாகாத வெளிநாட்டவர் அந்தப் பகுதிகளில் அறை எடுக்கவே முடியாது. இருபது வருடம் இருந்துவிட்டு, கஃபீலின், அதாவது விசா தந்து பொறுப்பேற்ற முதலாளியின், கையெழுத்தைத் தவிர வேறு எதையும் அறியாமல் ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். வருடத்தில் ஒரே ஒரு மாதம்தான் அந்தச் சுவரில் கதவு திறக்கிறது. அந்த மாதத்தில் நீங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிஸ்கட் தின்கிறீர்கள்.

நாளை மாலை நோன்பு திறக்கும் நேரத்துக்கு அரை மணிக்கு முன்னால் ஐந்தாவது ரிங் ரோடு பக்கம் நின்று பாருங்கள். வண்டிகள் பறக்கும். வேகமாக ஓட்டுவதை நான் நியாயப்படுத்தவில்லை, நீங்கள் ஓட்டுவதாக இருந்தால் அந்த நேரத்தில் வண்டியை எடுக்கவே வேண்டாம். சிக்னல்களில் இளைஞர்கள் பேரீச்சம்பழமும் தண்ணீர்ப் பாட்டிலும் வைத்த பைகளை ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். வண்டிக்குள் இருப்பவர் யார், எந்த நாடு என்று பார்த்து நீட்டுவதில்லை. நாயிஃப் அரண்மனையில் பீரங்கி வெடிக்கும், குவைத் டிவியில் அதை நேரலையாகக் காட்டுவார்கள். அதன் பிறகு சற்று நேரம் அவ்வளவு பெரிய சாலையில் ஒரு வண்டி இருக்காது.

பிறகு பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போங்கள். முற்றத்தில் கூடாரம் போட்டு, நீளமாகப் பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, வரிசையாகச் சோறு வைத்திருப்பார்கள். மச்பூஸ் என்ற இறைச்சிச் சோறு, லபான் என்ற மோர், பழம், தண்ணீர். பங்களாதேஷ் துப்புரவுத் தொழிலாளியும் எகிப்து நாட்டுக் கட்டடக் காவலாளியும் ஆந்திர ஓட்டுநரும் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். நோன்பு வைத்தாயா என்று என்னை அங்கே ஒருமுறைகூட யாரும் கேட்டதில்லை. உட்கார் என்றுதான் கை காட்டினார்கள். மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்பியது போகக் கையில் எதுவும் மிஞ்சாதவர்களுக்கு முப்பது நாளும் ஒரு வேளை வயிறாரக் கிடைப்பது அங்கேதான். இரவில் இத்தனை உணவு எதற்கு என்று கேட்டீர்களே, அந்த உணவில் ஒரு பெரும் பங்கு இப்படித்தான் போகிறது.

அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. வீணாகும் சோற்றை நானும் பார்த்திருக்கிறேன், அதைக் குவைத்திகளே கடிந்து பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதைவிட ஆறாத விஷயம் அடுக்களை. ஹரீஸ் என்ற கோதுமைக் களிக்குக் கோதுமையை முதல் நாளே ஊறப்போட்டு, இறைச்சியோடு மணிக்கணக்கில் வேகவைத்து, கட்டையால் அடித்துக் குழைக்க வேண்டும். நோன்பு திறக்க சம்பூசா (சமோசா), கப்கா என்ற நள்ளிரவு விருந்துக்கு இன்னொரு சமையல், விடியுமுன் சஹர் சாப்பாடு. செய்வது இலங்கையிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நம் ஊரிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் போன பெண்கள். 2015ஆம் ஆண்டின் வீட்டுப் பணியாளர் சட்டம் ஒரு நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. ரமலானில் எத்தனை வீடுகளில் அது கடைப்பிடிக்கப்படுகிறது? வேலைக்காரப் பெண்ணைத் தங்களோடு ஒரே விரிப்பில் உட்காரவைத்து நோன்பு திறக்கும் குடும்பங்கள் உண்டு. அதிகாலை வரை பாத்திரம் தேய்க்கவிட்டு, பகலில் கண் அயர்ந்தால் திட்டும் குடும்பங்களும் உண்டு. இந்த மாதத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் யாரும் இந்தப் பெண்களைக் கடந்துபோய்விடக் கூடாது. நீங்கள் விருந்துக்குப் போகும் வீட்டிலும் சமைத்தவர் யார், அவர் சாப்பிட்டாரா என்று உங்கள் கண் தேடட்டும்.

உங்களுக்கு வாய்த்திருப்பது இதமான ரமலான். மார்ச்சில் ஏறத்தாழ 13 மணி நேர நோன்பு. சந்திர ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால் இந்த மாதம் ஒவ்வொரு வருடமும் முன்னால் நகர்கிறது, 33 வருடத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். 2015, 2016இல் அது ஜூன் மாதத்தில் வந்தது. பதினைந்து மணி நேரத்துக்கு மேல், 45 பாகையைத் தாண்டும் வெயிலில் நோன்பு. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடிய காலை 11 முதல் மாலை 4 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. ஆனால் அந்த 11 மணிக்குள்ளேயே உடல் வற்றிவிடும். சாலை போடும் ஆட்களில் பலர் அந்த வெயிலிலும் நோன்பை விடவில்லை. மார்க்கம் விலக்கு தருகிறதே என்று ஒருவரிடம் கேட்டேன். "எல்லோரும் வைத்திருக்கும்போது நான் மட்டும் விடுவது அதைவிடக் கஷ்டம்" என்றார். அன்றுதான் இந்தப் பசியின் இயல்பு எனக்குப் பிடிபட்டது. தனியாகக் கிடக்கும் பட்டினி ஆளை ஒடுக்கிவிடும். ஊரே சேர்ந்து இருக்கும்போது அதே பசி ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் பலத்தைத் தருகிறது. உங்கள் மதியப் பசி உங்களை இவ்வளவு எரிச்சலாக்குவது, அதில் நீங்கள் தனியாக இருப்பதால்தான்.

உங்கள் மேலாளர் குவைத்தி என்றால் அவர் குடும்பத்துக்கு ஒரு திவானியா, அதாவது விருந்தினர் கூடிப் பேசும் கூடம், இருக்கும். ரமலான் இரவுகளில், தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்த பிறகு, வாழ்த்துச் சொல்ல யாரும் போகலாம். "முபாரக் அலைக்கும் அஷ்ஷஹர்" என்று சொல்லி வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே போங்கள். காபி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். அலுவலகத்தில் உங்களிடம் ஃபைலைத் தவிர எதுவும் பேசாத மனிதர், உங்கள் ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்று அங்கே கேட்பார். மாத நடுவில் 13, 14, 15ஆம் இரவுகளில் பிள்ளைகள் புத்தாடை உடுத்தி, கழுத்தில் பை தொங்க, பாடிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாயும் கொட்டைகளும் வாங்குவார்கள். கர்கியான் என்று பெயர். அதையும் பார்க்காமல் விடாதீர்கள். கடைசிப் பத்து இரவுகளில் பெரிய பள்ளிவாசலுக்குப் போகும் சாலைகள் நள்ளிரவிலும் நிரம்பியிருக்கும். 1986இல் கட்டி முடித்த அந்தப் பள்ளியின் நடு மண்டபத்தில் மட்டும் பத்தாயிரம் பேர் நிற்கலாம், 27ஆம் இரவில் அதுவும் போதாமல் தெருவெல்லாம் தொழுகை வரிசைகள் நிற்கும்.

இனி உங்கள் பாய் கேட்டது. நம்பிக்கை இல்லாதவன் நோன்பு இருந்தால் நடிப்பா? அவர் உங்களை மதம் மாறச் சொல்லவில்லை. தன் நாளில் பாதியை உங்களோடு பகிர்ந்துகொள்ளக் கேட்கிறார். நம்பிக்கை இருப்பதுபோல் காட்டிக்கொண்டால்தான் நடிப்பு. நீங்கள் யார் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். உடம்புக்குத் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் இருங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறையில் இருப்பது நல்லது. சஹருக்கு அவர்களோடு எழுந்து வயிறு நிறையச் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், உப்பும் காரமும் கூடினால் பகலில் தாகம் கொல்லும். மாலையில் அடுக்களையில் கை கொடுங்கள். காயல்பட்டினத்துக்காரர்கள் இருக்கும் அறையில் நோன்புக் கஞ்சி இல்லாமல் இருக்காது. பூண்டு உரிக்கவும் தேங்காய்ப் பால் எடுக்கவும் ஆள் வேண்டியிருக்கும். நடுவில் முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அவர்தான் முதலில் தண்ணீர் எடுத்துத் தருவார். போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் மட்டும் போடாதீர்கள்.

பெருநாள் கழிந்ததும் எழுதுங்கள். வீட்டுப் பணிப்பெண்களின் ரமலான் பற்றி விரிவாக எழுத எண்ணியிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் பேச விரும்பினால், பெயர் சொல்லாமல், அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.