மருந்தின்றி மறைந்த வைரஸ்

கேள்வி: ரத்த தானத்துக்குச் சென்றபோது, எனக்கு ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இல்லை. நான் எந்தச் சிகிச்சையும் எடுத்ததில்லையே, இது எப்படி?

பதில்: இரண்டு முடிவுகளுக்கும் முரண் இல்லை. ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதம், கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ் என்றோ உடலுக்குள் வந்துபோனதன் தடயம், ஆர்.என்.ஏ. என்னும் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பரிசோதனை, அது இன்றும் ரத்தத்தில் இருக்கிறதா என்பதைச் சொல்வது. (ஆன்டிபாடி பரிசோதனை தவறாக பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு.) தொற்று உண்மையாகவே இருந்திருந்தால், அதை விரட்டியதில் பெரும்பங்கு, நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களில் ஒரு வகையான உங்கள் டி செல்களுடையது.

அயர்லாந்தில் 1977-இல், ரீசஸ் நெகட்டிவ் ரத்தவகை கொண்ட தாய்மார்களுக்கு, அடுத்த கருவைக் காக்கப் பிரசவத்துக்குப் பின் போடப்பட்ட ஆன்டி-டி ஊசிமருந்தில் இந்த வைரஸ் கலந்திருந்தது. பல ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, தொற்றின் தடயம் தெரிந்த 704 பெண்களில் 390 பேரிடம் மட்டுமே வைரஸ் எஞ்சியிருந்தது. பிழையேதும் செய்யாத அந்தத் தாய்மார்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அவர்களில் எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணு வகை உடையவர்களிடம் வைரஸ் அகன்றிருப்பது அதிகமாகக் காணப்பட்டது. வைரஸின் துணுக்குகளை செல்லின் மேற்பரப்பில் ஏந்தி டி செல்களுக்குக் காட்டுவது எச்.எல்.ஏ. புரதங்களின் வேலை, பி27 ஏந்திக் காட்டும் முக்கியத் துணுக்கோ, வைரஸ் தன் பெருக்கத்துக்கே ஊறு விளைவிக்காமல் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத பகுதி.

வைரஸ் சில நாட்களிலேயே பெருகிவிட, அதற்கெதிரான டி செல்கள் ரத்தத்தில் தலைகாட்டப் பொதுவாக 5 முதல் 9 வாரங்கள் ஆகின்றன. அப்போது சி.டி.8 என்னும் கொல்லும் வகை டி செல்கள் கல்லீரலுக்குள் புகுந்து, தொற்றிய செல்களை அழிப்பதோடு, இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரந்து, செல்லைக் கொல்லாமலே வைரஸை அடக்குகின்றன. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு ரத்தத்தில் உயர்வதும் சிலருக்கு மஞ்சள் காமாலை வருவதும் பெரும்பாலும் இந்தப் போரினால்தான். காமாலை கண்டவர்களிடம் வைரஸ் தானாக அகலும் வாய்ப்பு அதிகம்.

எனினும் சி.டி.4 என்னும் உதவி வகை டி செல்களின் துணை நீடிக்காவிட்டால் சி.டி.8 செல்கள் களைத்துவிடுகின்றன, வைரஸும் உருமாறித் தப்பிக்கிறது. முன்பு தொற்றை வென்ற சிம்பன்ஸிகளில் சி.டி.4 செல்களை நீக்கிவிட்டு மீண்டும் வைரஸைச் செலுத்தியபோது இதுவே நேர்ந்தது.

சில மாதங்கள் கழித்து ஆர்.என்.ஏ. பரிசோதனையை மறுபடி செய்துகொள்ளுங்கள். ஒருமுறை வென்ற உடலிலும் இவ்வைரஸ் மீண்டும் தொற்றலாம் என்பதால், பிறர் பயன்படுத்திய ஊசியையும் சவரக் கத்தியையும் தவிர்த்துவிடுங்கள். வைரஸ் தென்பட்டாலும் அஞ்ச வேண்டாம். 8 முதல் 12 வார மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள்.