நோயில்லாத கோழி, மருந்துக்கு அடங்காத கிருமி: வாசகர் கேள்விகள்

கே: 5,000 கறிக்கோழி வளர்க்கிறேன். இந்த பேட்ச்சில் சளியோ கழிச்சலோ இல்லை. ஆனாலும் எச்சத்தைச் சோதித்ததில், பல மருந்துக்கும் கட்டுப்படாத ஈ.கோலை இருப்பதாக முடிவு வந்திருக்கிறது. இதற்கு என்ன மருந்து கொடுக்கலாம்? (பல்லடம் வாசகர்)

எதுவும் கொடுக்க வேண்டாம். ஈ.கோலை கோழிக் குடலில் எப்போதும் குடியிருக்கும் கிருமி. மருந்துக்கு அடங்காத வகை என்பதாலேயே அது கோழியைப் படுக்க வைத்துவிடாது. பார்வைக்குக் கோழி திடகாத்திரமாக இருக்கும், எச்சத்தில் மட்டும் கிருமி போய்க்கொண்டிருக்கும்.

குஞ்சு இறங்கிய அன்றே 'தடுப்புக்கு' என்று மூன்று நாள் குடிநீரில் ஆன்டிபயாடிக் கலக்கிறோமே, வினை அங்கேதான் தொடங்குகிறது. அடங்குகிற கிருமி செத்து இடம் காலியாகும். அடங்காதது அந்த இடத்தில் பெருகும். எதிர்ப்பு மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருப்பவை. ஒரு கிருமி அதை நகலெடுத்துப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு சேர்ந்திருப்பதும் உண்டு. அப்படியிருக்க, அதில் ஏதாவது ஒரு மருந்தைக் கொடுத்தாலும் மொத்த வளையமும் பிழைத்துக்கொள்ளும். 'மருந்தை மாத்தி மாத்திக் குடுத்தா சரியாயிடும்' என்கிற பேச்சு எடுபடாதது இதனால்தான்.

கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கின் கதை தெரிந்திருக்கும். வேறு மருந்து கேட்காத நோயாளிக்கு ஐசியூவில் கடைசியாகக் கொடுப்பது. அதற்கான எதிர்ப்பு மரபணு (எம்சிஆர்-1) பிளாஸ்மிட்டில் ஏறிக்கொண்டதை 2015இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். துப்பு கிடைத்தது பன்றிகளின் ஈ.கோலையில். உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்கு இந்த மருந்தை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. பழைய பாட்டில் ஷெட்டில் கிடந்தால் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்த பேட்ச்சுக்கு முன் செய்ய வேண்டியது: பழைய கூளம் முழுவதையும் அள்ளிவிட்டு, முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள், காய்ந்த பிறகு கிருமிநாசினி அடியுங்கள். எச்சம் ஒட்டியிருக்கும் தரையில் நேரே அடித்தால் மருந்தின் வீரியம் எச்சத்தோடு போய்விடும். பிறகு 10 முதல் 14 நாள் ஷெட் காலியாகக் காயட்டும். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வழவழவென்று படலம் வந்தால் கிருமிக்கு அதுதான் வீடு. கோழிக்கான குடிநீரில் 1,000 லிட்டருக்கு 10 கிராம் பிளீச்சிங் பவுடர் (33% குளோரின்) போட்டால் குளோரின் சுமார் 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) வரும். குடிநீரில் லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் நோய்க்கானது) போன்ற உயிருள்ள தடுப்பூசி கொடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பும், கொடுக்கும் நாளிலும் குளோரின் கூடாது; தடுப்பூசியே செத்துவிடும்.

நிஜமாகவே நோய் வந்தால், அப்போதுதான் இறந்த கோழியை ஆய்வகத்துக்கு எடுத்துப் போங்கள். கிருமியைப் பிரித்து, தட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைப்பார்கள். மறுநாள், மருந்து கேட்கும் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் இருக்கும். கேட்காததைச் சுற்றிக் கிருமி வில்லை வரைக்கும் ஒட்டி வளர்ந்திருக்கும். வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துதான் மருந்தைச் சொல்வார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் மருந்து தொடங்கலாமா என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும், மருந்துக்கடைக்காரர் அல்ல.

கே: அப்படியென்றால் கோழிக்கறி சாப்பிடலாமா? நாட்டுக்கோழிக்கு மாறிவிடட்டுமா? (மதுரை வாசகி)

தாராளமாகச் சாப்பிடலாம். இந்தக் கிருமி மருந்துக்குத்தான் அடங்காது, நெருப்புக்கு அடங்கும். கறியின் நடுவே 75 டிகிரி சூடு ஏறினால் போதும். நம் குழம்பு அதைத் தாண்டித்தான் கொதிக்கிறது. வம்பு அடுப்புக்கு இந்தப் பக்கம். பச்சைக் கறியைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் தெறிக்கும் தண்ணீர் பக்கத்துப் பாத்திரத்துக்குப் போகும். கறி வெட்டிய கத்தியிலேயே தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்குவது அதைவிட மோசம், வெங்காயம் அடுப்பேறப் போவதில்லையே. நாட்டுக்கோழிக்கும் இதே விதிதான்.

கே: மடிநோய்க்கு மாட்டின் ஒரு காம்பில் ட்யூப் ஏற்றினோம். மற்ற மூன்று காம்புப் பாலை ஊற்றலாமா? மருந்துப் பாலைக் கன்றுக்கு விட்டால் வீணாகாது அல்லவா? (ஈரோடு வாசகர்)

நான்கு காம்புப் பாலும் கூடாது. ஒரு காம்பில் ஏற்றிய மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் வரும். காய்ச்சினாலும் பெரும்பாலான மருந்து அழியாது. எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பது ட்யூப் அட்டையில் இருக்கும். இப்படி ஒதுக்கும் காலம் உறுதிசெய்யப்படாத மருந்துகளுக்குப் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்பது 2012 முதல் நம் நாட்டு விதி. கன்றுக்கும் விடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக மருந்து குடித்த கன்றின் குடலில் அடங்காத கிருமிதான் மிஞ்சும். சாணத்தோடு தொழுவமெல்லாம் பரவும்.

கே: கோழி எருவை அப்படியே கீரைப் பாத்திக்குப் போடலாமா? (ஓசூர் வாசகர்)

வேண்டாம், மக்க வையுங்கள். எருவோடு வைக்கோல் அல்லது தென்னை நார்க்கழிவு கலந்து, ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் குவியுங்கள். கைப்பிடி எருவைப் பிழிந்தால் ஈரம் கையில் படிய வேண்டும், சொட்டக் கூடாது. உள்ளே 55 டிகிரிக்குக் குறையாத சூடு 15 நாள் நிற்க வேண்டும்; அதற்குள் ஐந்து முறை புரட்டுங்கள். புரட்டாவிட்டால் வெளி ஓரம் சூடாகாது, கிருமி அங்கே பிழைத்திருக்கும். அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால் வைக்கோல் போதவில்லை என்று அர்த்தம். மழைத் தண்ணீர் கிணற்றுப் பக்கம் வடியாத மேட்டில் குவியலைப் போடுங்கள்.